பீங்கானுக்கு வைக்கும் மின்னல் சோதனை

[காட்சி: தெருமுனை மின்கம்பம். குறுக்குச் சட்டத்தின் மேல் பழுப்பு நிறப் பீங்கான்]

கம்பியின் கரண்ட் கம்பத்துக்குத் தாவாமல் தடுக்கும் இந்தப் பீங்கான் இன்சுலேட்டர் தாங்கிப் பிடித்திருக்கும் கம்பியில் இருப்பது 11,000 வோல்ட். ஆனால் சோதனைக்கூடத்தில் இதன் தலையில் இறக்குவது 75,000 வோல்ட். எதற்கு இவ்வளவு? கம்பியில் தினமும் ஓடும் கரண்டுக்காக அல்ல, என்றைக்கோ வந்து விழும் மின்னலுக்காக.

[வரைபடம்: செங்குத்தாக ஏறி, சாய்வாக இறங்கும் கோடு]

மின்னல் விழுந்தால் வோல்டேஜ் சட்டென்று எகிறும், அப்புறம் மெல்ல வடியும். அதற்கு ஒரு நியமம் வைத்திருக்கிறார்கள்: ஏறுவதற்கு 1.2 மைக்ரோ விநாடி, பாதியாக இறங்க 50 மைக்ரோ விநாடி. நாம் ஒருமுறை இமைப்பதற்குள் இப்படி ஆயிரக்கணக்கான அலைகள் வந்து போய்விடலாம்.

[காட்சி: அடுக்கடுக்காக நிற்கும் கெப்பாசிட்டர் கோபுரம்]

சரி, மின்னலை எப்படிச் செய்வது? 1924இல் ஜெர்மனியின் எர்வின் மார்க்ஸ் சொன்ன வழிதான் இன்றும். மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர்களை இணையாக வைத்து நிதானமாகச் சார்ஜ் ஏற்றுவார்கள். அடுக்குக்கு அடுக்கு இரண்டு உலோக உருண்டைகள், நடுவே சின்ன இடைவெளி. கீழ் இடைவெளியில் பொறி பறந்தால் போதும், மேலே உள்ளவையும் மளமளவென்று பற்றிக்கொள்ளும். அந்தப் பொறிகளே வயராக மாறி, எல்லாக் கெப்பாசிட்டர்களையும் தொடராகக் கோத்துவிடும்; அவற்றின் வோல்டேஜ் எல்லாம் ஒன்றாகக் கூடிவிடும். அடுக்குக்கு 1 லட்சம் வோல்ட், 10 அடுக்கு என்றால் உச்சியில் ஏறத்தாழ 10 லட்சம். காற்றையே சுவிட்சாக்கிய இந்தக் குறும்பை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

[ஒலி: டமார்!]

பீங்கானுக்கு வெளியே, காற்று வழியாக நீலப் பொறி பாய்கிறது. இதுதான் ஃபிளாஷ்ஓவர். இன்சுலேட்டர் தோற்றுவிட்டதா? அவசரப்படாதீர்கள். வழக்கமான ஒரு முறையில் பாசிட்டிவ் வோல்டேஜில் 15 மின்னல் அடி, நெகட்டிவ் வோல்டேஜில் 15 மின்னல் அடி. ஒவ்வொரு பதினைந்திலும் 2 ஃபிளாஷ்ஓவர் வரை மன்னிப்பு உண்டு. காற்று கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆகிவிடும், பீங்கானும் முழுசாக இருக்கும்.

மன்னிப்பே இல்லாதது பீங்கானைத் துளைத்துக்கொண்டு போகும் பொறி. அதன் பெயர் பஞ்சர். சைக்கிள் டியூப் மாதிரி இதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது.

காற்று உடைந்து வழிவிட ஒரு நொடித்துளி அவகாசம் வேண்டும். வோல்டேஜ் அதைவிட வேகமாக ஏறினால், வெளியே பொறி கிளம்புவதற்குள் பீங்கானுக்குள் நெருக்கடி முற்றிவிடும். அதனால்தான் இன்னும் செங்குத்தான அலையை வைத்து, பஞ்சருக்கென்றே தனிச் சோதனையும் நடத்துகிறார்கள்.

[காட்சி: தட்டு இன்சுலேட்டர், பக்கத்தில் அலைமானித் திரை]

இந்தத் தட்டு இன்சுலேட்டரைப் பாருங்கள். அடி விழுந்தது. வெளியே ஒரு பொறிகூட இல்லை, கீறலும் இல்லை. ஆனால் திரையில் அலை பாதியிலேயே பொத்தென்று விழுந்துவிட்டது. ஓட்டை, தட்டின் தலையில் இருக்கும் அந்த இரும்புத் தொப்பிக்கு அடியில் இருக்கிறது.