ஆலயத்தில் பெண்ணின் உடை: யார் பொருட்டு இந்த ஒழுங்கு?

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் ஐயா அவர்களே, இரு அணியிலும் வீற்றிருக்கும் பேச்சாளர்களே, இரவு பத்து மணி கடந்தும் நாற்காலியை விட்டு எழாமல் இருக்கும் பாளையங்கோட்டைப் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

வழிபாட்டிடங்களில் பெண்களின் உடைக்கு விதிக்கப்படும் ஒழுங்கு பக்தியைக் காக்கிறதா, பெண்ணைக் கட்டுப்படுத்துகிறதா என்பது இன்றைய தலைப்பு. கட்டுப்படுத்துகிறது என்று பேச வந்திருப்பவர்கள் நாங்கள். உடனே, கடற்கரைக்குப் போகிற கோலத்தில் கருவறை வரைக்கும் போகலாம் என்று நாங்கள் வாதாடப் போவதாக ஐயா முன்கூட்டியே முடிவு கட்டி, அதற்கு விடையும் சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டார். நாங்கள் சொல்லாததற்கு அவர் சொன்ன விடையை அவரே வைத்துக்கொள்ளட்டும். வழிபாட்டிடத்துக்கு ஓர் அடக்கம் வேண்டும் என்பதில் இரு அணிக்கும் வேறுபாடு இல்லை. அந்த அடக்கத்தை யாரிடம் கேட்கிறார்கள், யார் பொருட்டுக் கேட்கிறார்கள், கேட்கும் உரிமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதே வழக்கு.

நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி இல்லையா, அதுபோலத்தானே இதுவும் என்று ஐயா கேட்டார். அங்கி வழக்கறிஞருக்கு உண்டு, நீதிபதிக்கு உண்டு. மனுவோடு வந்து நிற்கிற கட்சிக்காரருக்கு இல்லை. கோயிலுக்கு வருகிற பெண் தன் குறையைச் சொல்ல வந்தவள். அவளைக் கூண்டில் ஏற்றி உடையை விசாரிக்கச் சொன்னது யார் என்று கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறேன்.

ஆண்களுக்கும்தான் விதி இருக்கிறது, திருச்செந்தூரில் சட்டையைக் கழற்றாமல் முருகனைப் பார்க்க முடியுமா என்றும் ஐயா கேட்டார். கைதட்டலும் வாங்கினார். சுசீந்திரத்திலும் அந்த வழக்கம் உண்டு. அதையும் என் பங்குக்குச் சேர்த்துக் கொடுக்கிறேன். ஆனால் அந்த விதிக்குப் பெரியவர்கள் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். சட்டை மனிதனுடைய அந்தஸ்தைக் காட்டும், ஆண்டவன் முன் அந்தஸ்து ஆகாது, ஆகையால் கழற்று என்பார்கள். வரிசையில் தொப்பையோடு நிற்கிற பெரியவரையோ, உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்த்த தோளோடு நிற்கிற இளைஞரையோ பார்த்து, உங்கள் உடம்பால் பின்னால் நிற்கிற பெண்களின் பக்தி கலைகிறது, போர்த்திக்கொண்டு வாருங்கள் என்று எந்தக் கோயிலிலும் எவரும் சொன்னதில்லை. பெண்ணுக்கு மட்டும்தான் பின்னால் நிற்கிறவரின் மனத்தைக் காரணமாகச் சொல்கிறார்கள். ஆணுக்கான விதி ஆண்டவனை நினைத்து எழுதப்பட்டது. பெண்ணுக்கான விதி ஆணை நினைத்து எழுதப்பட்டது. சந்நிதிக்கு முன் வந்து நின்ற பிறகும் ஒருவருடைய கண் அம்பாளை விட்டுவிட்டு முன்னால் நிற்கிற பெண்ணின் துப்பட்டாவைத் தேடுகிறது என்றால், அங்கே குறைந்திருப்பது துணி அன்று, அவருடைய பக்திதான். அந்தக் குறைக்குப் பரிகாரம் செய்ய வேண்டியவர் அவரே.

இந்தப் பார்வையின் தொல்லையை நம் சமயம் அறியாததன்று. காரைக்கால் அம்மையார் தம் அழகிய உடம்பை உதறிவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கிய வரலாறு நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் தெரியும். எலும்பு தெரிய, தசை வற்றிய அந்தக் கோலத்தில்தான் சிவன் கோயில்களின் அறுபத்துமூவர் வரிசையில் அவர் இருக்கிறார். மற்றவர்கள் நிற்க, அவர் அமர்ந்திருக்கிறார். அந்த வரிசைக்குக் கற்பூரம் காட்டிவிட்டு வந்து, ஒரு கல்லூரி மாணவியிடம் முழுக்கை இல்லையே என்று முகம் சுளிப்பது எந்தச் சமயத்தைச் சேர்ந்தது?

மரபு, மரபு என்று ஐயா ஏழெட்டு முறை சொன்னார். மரபுக்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். இங்கிருந்து நாங்குநேரி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய் வரைக்கும் போனால் போதும். அன்றைக்கு அதற்கு அப்பால் திருவிதாங்கூர் அரசு. அங்கே நாடார் குலத்துப் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை போடுவது மரபுக்கு விரோதம் எனப்பட்டது. மேற்குலத்தார் முன்னிலையில் திறந்த மேனியோடு நிற்பதே மரியாதை என்று விதித்தார்கள். கிறித்தவம் தழுவிய பெண்கள் மறைத்துக்கொண்டு ஆலயத்துக்கும் சந்தைக்கும் போனபோது அந்தச் சீலைகள் தெருவில் வைத்துக் கிழிக்கப்பட்டன. 1829-இல் வந்த அரசாணை, குப்பாயம் என்கிற சட்டையை அவர்கள் அணிந்துகொள்ளலாம், ஆனால் நாயர் பெண்களைப் போலத் தோள்சீலை அணியக் கூடாது என்றது. மறுபடியும் கலவரம் வெடித்து, சென்னை மாகாண ஆளுநர் டிரவெலியன் நெருக்குதல் கொடுத்த பிறகு, 1859-இல் மன்னர் உத்திரம் திருநாள் இன்னோர் ஆணை பிறப்பித்தார். எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்கள் மறைப்பதைப் போல மட்டும் மறைக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

நடுவர் அவர்களே, இந்த இரண்டு ஆணைகளையும் நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வெட்கத்தையோ தெய்வத்தையோ காப்பதற்காக அவை எழுதப்பட்டிருந்தால், மறைத்துக்கொள் என்று சொல்வதோடு நின்றிருக்கும். எந்த முறையில் மறைக்கக் கூடாது என்று கூடுதலாக ஒரு வரி எழுத நேர்ந்ததே, அந்த வரியில்தான் உண்மை வெளிப்பட்டது. இதே தென்பாண்டி எல்லையில், பெண்ணே மறைக்காதே என்றார்கள், அதுவே மரபு என்றார்கள். இன்றைக்கு அதே பெண்ணின் பேத்தியின் பேத்தியிடம், சரியாக மறைக்கவில்லை, மரபு கெட்டது என்கிறார்கள். துணியின் நீளம் மாறியிருக்கிறது. ஆணையிடுகிறவரும் அடங்கி நிற்கிறவரும் மாறவில்லை.

மலைக்கு அந்தப் பக்கத்திலேயே பிற்காலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். குருவாயூர் கோயிலில் சுடிதாருக்கு அனுமதி கிடைத்தது 2007-இல்தான். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் 2016 நவம்பரில் நிர்வாக அதிகாரி சுடிதாருக்கு அனுமதி கொடுத்தார், எதிர்ப்பு எழுந்தது, அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அந்த அனுமதியை நிறுத்தியது. ஆகவே கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிய சுடிதாரின் மேலே ஒரு வேட்டியைச் சுற்றிக்கொண்டு பெண்கள் உள்ளே போனார்கள். மூடிய உடம்பை மறுபடியும் மூடியதால் யாருடைய பக்தி எத்தனை பங்கு கூடியது என்று எதிரணியினர் கணக்குச் சொல்லட்டும்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2015 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தனி நீதிபதி, தமிழகக் கோயில்களுக்கு ஓர் உடைப் பட்டியலை வகுத்தார். பெண்களுக்குச் சேலை, தாவணி, மேல்துண்டோடு கூடிய சுடிதார். ஆண்களுக்கு வேட்டி, பைஜாமா, முறையான கால்சட்டை, மேல்சட்டை. 2016 ஜனவரி முதல் நாளிலிருந்து நடைமுறை. ஆண்களுக்கும் அதில் பட்டியல் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த நாள்களில் ஊரெல்லாம் பேசியது லெகிங்ஸைப் பற்றித்தான். பைஜாமாவைப் பற்றி எந்தத் தேநீர்க் கடையிலும் சண்டை நடந்ததாக எனக்கு நினைவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கே உடையைப் பற்றியதன்று. ஒரு கிராமக் கோயில் விழாவில் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு வந்த மனு அது. அனுமதி கேட்டவர்கள் ஒருபுறம் நிற்க, மாநிலம் முழுவதும் உள்ள பெண்களுக்கு உடை விதி கிடைத்தது. அந்த ஜனவரியிலேயே இரு நீதிபதிகள் அமர்வு அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த ஆணை நின்றுபோன பிறகும் வாசலில் நின்று விசாரிக்கிற ஆர்வம் பலருக்கு நிற்கவில்லை என்பதே என் மனக்குறை.

உண்மையில் பலகையில் எழுதிய விதி எளிது. எழுதாத விதிதான் கொடியது. நம் ஊரில் அம்மன் கோயிலுக்குப் போகிற பெண், நெற்றியில் பொட்டு இல்லையென்றால், ஏன் மூளியாய் வந்தாய் என்று கேட்பார்கள். அதே தெருவின் மறுமுனையில் உள்ள ஒரு கிறித்தவ சபைக்குப் போகிற பெண் பொட்டோ பூவோ கம்மலோ அணிந்திருந்தால் உலகத்தின் கோலத்தோடு வந்தாயா என்பார்கள். ஒரே குடும்பத்தில் பாதிப்பேர் அங்கும் பாதிப்பேர் இங்குமாக இருப்பது திருநெல்வேலிச் சீமையில் புதிதன்று. அத்தை வீட்டுக்கும் சித்தி வீட்டுக்கும் இடையே போகிற ஒரு சிறுமி, தன் நெற்றி எந்த நேரத்தில் பாவம் எந்த நேரத்தில் புண்ணியம் என்று தெரியாமல் நிற்கிறாள். கணவனை இழந்த பெண்ணைப் பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அவள் வண்ணச் சேலை கட்டி, தலையில் ஒரு முழம் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வந்தால், அதைத் தடுக்கிற விதி எந்தக் கோயில் பலகையிலும் இல்லை. ஆனால் குங்குமத் தட்டு அவளைத் தாண்டிப் போகிறதே, அதைவிடக் கூர்மையான விதி உண்டா? இதையெல்லாம் காவல் காப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தாம் என்று ஐயா இடைமறித்துச் சொன்னார். ஆமாம், உண்மைதான். தன்மேல் கட்டிய வேலியைத் தானே காவல் காக்கும்படி ஒருத்தியைப் பழக்கியிருக்கிறார்கள் என்றால், அது எங்கள் அணிக்கான சாட்சியம்.

கிறித்தவ ஆலயங்களில் முக்காடு வேத வசனம் என்பார்கள். பவுல் அடிகள் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில் பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்றது உண்மையே. அதே அதிகாரத்தில், ஆண் முடியை நீளமாக வளர்ப்பது அவனுக்குக் கனவீனம் என்றும் இருக்கிறது. தோள் வரைக்கும் முடி வளர்த்த தம்பிகள் பாடகர் குழுவில் நின்று கிதார் வாசிக்கிறார்கள். இந்தப் பாளையங்கோட்டை ஊசிக்கோபுர ஆலயம் முதல் உவரி அந்தோணியார் ஆலயம் வரை அவர்களை வழிமறித்து அந்த வசனத்தை வாசித்துக் காட்டியவர் யார்? கத்தோலிக்கத் திருச்சபை 1917-இல் தொகுத்த சட்டத்தில் பெண்கள் தலையை மூட வேண்டும் என்ற விதி இருந்தது. 1983-இல் வந்த புதிய சட்டத்தில் அது இல்லை. விதி போன பிறகும் நம் ஊர்ப் பெண்கள் பலர் நற்கருணை வாங்கும்போது முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்கிறார்கள். பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கு நேர்ச்சையோடு வருகிற வேற்று மதத்துப் பெண்களும் அப்படித்தான் செய்கிறார்கள். எவரும் அதட்டாமல் தானாக வருகிற அந்த அடக்கத்தை நாங்கள் வணங்குகிறோம். அதை அதட்டி வாங்க முடியும் என்று நினைப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

இனி, நம் தெய்வங்களையே கேட்போம். புரட்டாசி பிறந்து தசரா நெருங்கினால் குலசை என்கிற குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கு மாலை போட்ட ஆண்கள், சேலை கட்டி, சடை வைத்து, வளையல் அடுக்கி, குறத்தியாகவும் காளியாகவும் ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக்கொண்டு போவார்கள். குரங்கு வேடம் உண்டு, காவலர் வேடம் உண்டு. விஜயதசமிக்கு அத்தனை கோலங்களும் அம்மன் சந்நிதியில் நிற்கின்றன. சுடலைமாடன் கோயில் திருவிழாவான கொடையில் சாமியாடி அணிவது சல்லடமும் கச்சையும். சல்லடம் என்பது முழங்கால் அளவுக் கால்சட்டை. கணியான் கூத்தில் மகுடம் என்கிற தோற்கருவியின் அடிக்கு ஆடுகிறவர்கள் பெண் கோலம் பூண்ட ஆண்கள். அவர்கள் ஆடாவிட்டால் பல ஊர்களில் கொடையே நிறைவதில்லை. அது நேர்த்திக் கடன், அது வேறு என்று எதிரணி சொல்லும் என்று எனக்குத் தெரியும். அதையேதான் நானும் சொல்கிறேன். அங்கே கோலத்தைப் பார்க்காமல் எண்ணத்தைப் பார்க்கிறீர்கள். பீடி சுற்றுகிற வேலைக்கு நடுவே, நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, தெரு முனை அம்மனிடம் பிள்ளையின் காய்ச்சலைச் சொல்லிவிட்டு ஓடுகிற ஆலங்குளத்துப் பெண்ணுக்கும் எண்ணம் உண்டு. தேர்வுக்குப் போகிற வழியில் பேருந்திலிருந்து இறங்கி நெல்லையப்பரைப் பார்த்துவிட்டுப் போக நினைக்கிற, ஜீன்ஸ் அணிந்த மாணவிக்கும் உண்டு.

விதியே வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவான, ஒரே காரணம் கொண்ட பலகை ஒன்று இருக்கட்டும். வெளியூரிலிருந்து தெரியாமல் வந்தவருக்கு ஒரு துண்டை, உபதேசம் இல்லாமல், வாசலிலேயே கொடுங்கள். வரிசையில் நிற்கிற பெண்களைச் செல்போனில் படம் எடுக்கிறவனை, அவன் கரைவேட்டி கட்டி நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தாலும், முதலில் வெளியே அனுப்புங்கள். இவ்வளவுதான் எங்கள் அணியின் கோரிக்கை. அடுத்துப் பேச வருகிற எதிரணிச் சகோதரியிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கிறது: குலசையில் சேலை கட்டி வருகிற அண்ணாச்சியின் பக்தியை விசாரணை இல்லாமல் நம்புகிறோமே, நெல்லையப்பர் வாசலில் அந்த மாணவியின் பக்தியை நம்புவதற்கு மட்டும் நமக்கு ஏன் துப்பட்டா தேவைப்படுகிறது? அதற்கு விடை சொன்ன பிறகு மற்றதைப் பேசட்டும். வாய்ப்புக்கு நன்றி நடுவர் அவர்களே, வணக்கம்.