யார் ஜெயிப்பார்கள், காரணத்தோடு சொல்லுங்கள்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

2010ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் உலகக் கிண்ணக் காற்பந்து நடந்தபோது, இங்கே சிங்கப்பூரில், நம் தேக்கா வட்டாரத்தில் ஒரு கிளியைப் பற்றித்தான் பேச்சு. பெயர் மணி. கிளி ஜோசியம் சொல்லும் பெரியவர் ஒருவருடைய கிளி அது. இரண்டு நாடுகளுக்கு இரண்டு சீட்டு வைத்தால், வெளியே வந்து அலகால் ஒன்றை எடுக்கும். காலிறுதியில் நெதர்லாந்து, உருகுவே, ஜெர்மனி, ஸ்பெயின் என்று நான்கு வெற்றிகளையும் சரியாக எடுத்தது. நெதர்லாந்து வீழ்த்தியது பிரேசிலை, ஜெர்மனி 4-0 என்று நொறுக்கியது அர்ஜென்டினாவை. அரையிறுதியில் ஸ்பெயின் ஜெர்மனியை வெல்லும் என்றதும் பலித்தது. இறுதியாட்டத்துக்கு நெதர்லாந்தை எடுத்தது. ஆனால் 116ஆவது நிமிடத்தில் இனியஸ்டா அடித்த கோலால் ஸ்பெயின் கிண்ணத்தைத் தூக்கியது. ஜெர்மனியில் இதேபோல் கணிப்புச் சொல்லிவந்த பால் என்ற ஆக்டோபஸ் ஸ்பெயினைத்தான் சொல்லியிருந்தது.

நான் அப்போது சின்னப் பிள்ளை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் காற்பந்துப் பேச்சு எழுந்தால் மணி வராமல் போவதில்லை. எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தச் சில நாள்களில் காற்பந்து பார்க்காதவர்கள்கூட "அடுத்து யாராம்?" என்று ஒருவரையொருவர் கேட்டார்கள் என்று அப்பா சொல்வார். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவி. என்னுடைய நட்பு வட்டம் பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

நாங்கள் தொடக்கக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது ஆளுக்கொரு திசை. பையன்களில் சிலர் தேசிய சேவையை முடித்துவிட்டு இப்போதுதான் முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கிறார்கள். ஒருத்தி படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறாள். ஒருவன் நன்யாங் பல்கலைக்கழகத்தில், இன்னொருத்தி கென்ட் ரிட்ஜ் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில். தீவின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வர எம்ஆர்டி ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "பிஸி" என்று பதில் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் சனிக்கிழமை மாலையானால் வாட்ஸ்அப் குழு விழித்துக்கொள்ளும். இங்கிலாந்தில் பிற்பகல் மூன்று மணி ஆட்டம் நமக்கு இரவு பத்து மணி, அங்கே குளிர்காலம் என்றால் பதினொன்று. அதற்கு முன்னால் எல்லாரும் கணிப்பைப் போட்டாக வேண்டும்.

எங்களுக்குள் சில கட்டுப்பாடுகள் உண்டு. பந்தை உதைத்த பிறகு மாற்றக் கூடாது. கோல் கணக்கோடு காரணமும் சொல்ல வேண்டும். "லிவர்பூல் ஜெயிக்கும்" என்று மட்டும் எழுதினால் யாரும் ஏற்க மாட்டோம். யாருக்குக் காயம், யார் வாரத்தின் நடுவில் ஐரோப்பாவுக்குப் பறந்துபோய் விளையாடிவிட்டு வந்திருக்கிறார்கள், ஆட்டம் சொந்தத் திடலிலா வெளியூரிலா, ஏதாவது ஒன்று வேண்டும். அப்புறம், மிக முக்கியமானது: ஆசை ஒரு வரியில், கணிப்பு இன்னொரு வரியில். இதைக் கொண்டுவந்தது மான்செஸ்டர் யுனைடெட் ரசிகையான என் தோழி. அவளுடைய ஆசை வரியில் யுனைடெட் மாறவே மாறாது. கணிப்பு வரியில் அவள் எழுதுவதைப் படித்தால், தன் அணியின் தற்காப்பு எங்கே ஓட்டையாக இருக்கிறது என்று எந்தப் பயிற்றுவிப்பாளரையும்விடத் தெளிவாக இருக்கும். பிடித்ததைப் பிடித்தபடியே வைத்துக்கொண்டு, உண்மையையும் மறைக்காமல் பேசலாம் என்பதை நான் அவளிடம்தான் பார்த்தேன்.

2022 உலகக் கிண்ணம் நினைவிருக்கும். நவம்பர் 22, நம் நேரம் மாலை ஆறு மணி. அர்ஜென்டினாவும் சவூதி அரேபியாவும். 36 ஆட்டங்களாகத் தோற்காத அணி அர்ஜென்டினா. எங்களில் ஒருவர்கூட சவூதியைச் சொல்லவில்லை, சமநிலைகூடச் சொல்லவில்லை. பத்தாவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டியில் கோல் போட்டார். அதன் பிறகு முதல் பாதியிலேயே அர்ஜென்டினா மூன்று முறை பந்தை வலைக்குள் அனுப்பியது, மூன்றும் ஆஃப்சைட், அதாவது பந்து தட்டிவிடப்பட்ட நொடியில் தாக்கும் வீரர் எதிரணியின் தற்காப்பு வரிசையைத் தாண்டி நின்றதால் செல்லாத கோல்கள். சவூதியின் தற்காப்பு வீரர்கள் திடலின் நடுவரைக்கும் துணிந்து மேலேறி நின்றதுதான் காரணம். ஒரு அடி தப்பினால் கோல் விழும் என்று தெரிந்தே நின்றார்கள். இடைவேளைக்குப் பிறகு ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு கோல், 2-1. அன்றிரவு எங்கள் குழுவில் வெகு நேரம் பேச்சு ஓடியது, முழுக்க அந்தத் தற்காப்புக் கோட்டைப் பற்றி. அதே அர்ஜென்டினாதான் டிசம்பர் 18இல் பிரான்சை பெனால்டியில் வென்று கிண்ணத்தை எடுத்தது. முன்கூட்டியே கணிப்புச் சொல்லியிருந்ததால்தான் அந்தத் தோல்வி எங்களுக்கு அவ்வளவு புரிந்தது என்று நினைக்கிறேன். சும்மா பார்த்திருந்தால் "அடேயப்பா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருப்போம்.

சரி, தொலைக்காட்சிக்கு வருவோம். காற்பந்து பார்க்காத தோழிகள் குழுவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு பிக் பாஸ், சூப்பர் சிங்கர், நம் வசந்தம் ஒளிவழியின் பாட்டுப் போட்டியான வசந்தம் ஸ்டார். இந்த வாரம் யார் வெளியேறுவார், கடைசியில் பட்டம் யாருக்கு? கேள்வி அதேதான், அதனால் கட்டுப்பாடும் அதேதான்.

தமிழ் பிக் பாஸ் 2017இல் தொடங்கியபோது நான் உயர்நிலைப்பள்ளியில் இருந்தேன். பள்ளியில் எல்லாரும் ஓவியா பக்கம். அவர்தான் ஜெயிப்பார் என்று ஆசை வரியிலும் கணிப்பு வரியிலும் எழுதக்கூடிய ஒரே ஆள். அவரோ பாதியிலேயே தானாகக் கிளம்பிப் போய்விட்டார். பட்டம் ஆரவுக்குப் போனது. 2019இல் தர்ஷன் என்று பலரும் அடித்துச் சொன்னார்கள். இறுதிக்குப் பக்கத்தில் அவர் வெளியேற்றப்பட்டார். வென்றது மலேசியாவின் முகேன் ராவ். ஜோகூர் பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பையன் சென்னையில் போய் ஜெயித்துவிட்டான் என்று எங்கள் புளோக்கில் பாட்டிமார்கள் பேசிக்கொண்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவன் பேசிய தமிழ் நாம் பேசுகிற தமிழுக்குப் பக்கத்தில் இருந்ததும் ஒரு காரணம்.

எங்கள் பாட்டி யாரையும் விடாமல் பார்ப்பார். அவருக்கு "ஜெயிக்க வேண்டியவர்" என்றால் "ஜெயிக்கப் போகிறவர்"தான். "அந்தப் பிள்ளை பெரியவங்களுக்கு மரியாதை தருது, அதுதான் ஜெயிக்கும்" என்பார். "பாட்டி, ஓட்டு யார் போடுறாங்கன்னு பாருங்க" என்று நான் சொல்வேன். இப்படியே சாப்பாட்டு மேசையில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். பாட்டிக்கும் எனக்கும் பொதுவாகப் பேச வேறு என்ன இருக்கிறது? என் பாடம் அவருக்குப் புரியாது, அவருடைய மூட்டு வலியைப் பற்றி என்னிடம் அவர் சொல்லவே மாட்டார். ஆனால் இந்த விஷயத்தில் நாங்கள் இருவரும் சமம். எதற்கு ஒருவர் கோபப்பட்டார், அது நியாயமா, மன்னிப்புக் கேட்டது மனதார வந்ததா என்று பேசும்போது, பாட்டி எதை நியாயம் என்று நினைத்து வாழ்ந்திருக்கிறார் என்பது தெரிந்தது. இந்தியாவிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு தோழி எங்கள் குழுவில் சேர்ந்ததும் இப்படித்தான். முதல் சில மாதங்கள் அவள் யாருடனும் பேசியதில்லை. ஒரு நாள் வெளியேற்றத்தைப் பற்றி நாங்கள் சொன்னதை மறுத்து ஒரு பெரிய குரல் பதிவு அனுப்பினாள், அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காற்பந்தில் 90 நிமிடத்தையும் நாம் முழுசாகப் பார்க்கிறோம். ஒருவர் பந்தைத் தவறவிட்டால் அது எல்லார் கண் முன்னாலும் நடந்தது. உண்மைக் காட்சி என்று சொல்லப்படும் நிகழ்ச்சியில் அப்படியில்லை. ஒரு வீட்டில் பலர் 24 மணி நேரம் வாழ்ந்தது நமக்கு ஒரு மணி நேரச் சொச்சமாக வருகிறது. எதை வைப்பது, எதை வெட்டுவது, எந்த முகத்துக்குப் பின்னால் எந்த இசையைப் போடுவது என்று வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். அதனால் ஒரு போட்டியாளர் செய்ததைப் பற்றிக் கருத்துச் சொல்லலாம், அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று தீர்ப்பு எழுத நமக்கு ஆதாரம் போதாது. அவருடைய குடும்பத்தைத் திட்டுவது, உடம்பைக் கேலி செய்வது, சாதியை இழுப்பது, இதெல்லாம் எங்கள் குழுவில் வந்தால் அன்றே பேசி நிறுத்திவிடுவோம். சிங்கப்பூரில் இது இன்னும் முக்கியம். இது சின்ன ஊர். 2004இல் சிங்கப்பூர் ஐடல் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றில் தௌஃபிக் பத்திசாவும் சில்வெஸ்டர் சிம்மும் நின்றபோது நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது என்பார்கள், பட்டம் தௌஃபிக்குக்கு. வசந்தம் மேடையில் பாடுகிறவர் உங்கள் பள்ளியில் படித்தவராக இருப்பார், இல்லையென்றால் அடுத்த வாரம் ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைக் கைப்பேசியில் தட்டக் கூடாது.

இனி காசு. இதைத் தவிர்த்துவிட்டு மாணவர்களின் கணிப்புப் பேச்சைப் பற்றிப் பேச முடியாது.

2014 உலகக் கிண்ணத்தின்போது சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. நண்பர்கள் தங்களுக்குப் பிடித்த அணியைச் சொல்லிக் குதூகலிப்பார்கள். ஒரு சிறுவன் மட்டும் முகம் வாடி, ஜெர்மனி ஜெயிக்க வேண்டும், என் சேமிப்பை எல்லாம் அப்பா அந்த அணியின் மேல் வைத்துவிட்டார் என்பான். ஜெர்மனி உண்மையிலேயே கிண்ணத்தை வென்றுவிட்டது. விளம்பரம் உலகம் முழுக்கப் பேசுபொருளானது. மன்றம் அதோடு விடாமல் தொடர்ச்சியை வெளியிட்டது. காசு திரும்பி வந்ததா என்று நண்பன் கேட்க, இல்லை, அப்பா இன்னொரு முறை வைக்கிறார், அவர் நிறுத்துவதே இல்லை என்று அந்தப் பையன் சொல்வான். கணிப்பு பலித்தும் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பந்தயத்தைப் பற்றி இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2022இல் நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் நேருக்கு நேர் விளையாடுவதற்கு விலக்குத் தருகிறது. இணையத்தில் அந்த விலக்கு கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று பந்தயம் வைப்பதைப் பல மாணவர்கள் விளையாட்டாக நினைக்கிறார்கள். சட்டப்படி பந்தயம் நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனத்தின் கடைகளில் பந்தயம் வைக்க 18 வயதும், அதன் இணையக் கணக்குக்கு 21 வயதும் ஆகியிருக்க வேண்டும். எங்களிடம் காசு நுழையாததற்குச் சட்டம் மட்டும் காரணமல்ல. காசு வைத்தவுடன் ஆசையும் கணிப்பும் ஒட்டிக்கொள்ளும். வைத்தது ஜெயிக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில், எதிரணி அடித்த அழகான கோலைக்கூடக் கண் பார்க்காது. நண்பனுக்குக் கடன் வரும், கடனுக்குப் பின்னால் மௌனம் வரும். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அந்தக் கட்டத்தில் இருந்தால், 1800-6-668-668 என்ற உதவி எண்ணை அவரிடம் கொடுங்கள். நீங்களே அழைத்தும் கேட்கலாம்.

கடைசியாக எனக்கு மனதில் இருக்கும் ஒரு குறை. எங்கள் கணிப்பெல்லாம் இங்கிலாந்து, ஸ்பெயின் என்றே போகிறது. நம் சொந்த அணியை யாரும் எடுப்பதில்லை. அப்பா தலைமுறை அப்படி இல்லை. 1993இல் வி. சுந்தரமூர்த்தி புருணைக்கு எதிராக அந்தரத்தில் புரண்டு அடித்த கோலை அப்பா இன்றும் கையை ஆட்டி, காலைத் தூக்கி விவரிப்பார். நம் சமூகத்திலிருந்து வந்து, பின்னாளில் தேசிய அணியின் பயிற்றுவிப்பாளராகவும் இருந்தவர் அவர். 1994 டிசம்பரில் மலேசியாவின் ஷா ஆலாமில் சிங்கப்பூர், பாகாங் மாநில அணியை 4-0 என்று வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தை எடுத்தபோது அபாஸ் சாட் மூன்று கோல், ஃபாண்டி அகமது ஒரு கோல். அந்த வரிசையை அம்மாகூடத் தப்பாமல் சொல்வார்.

2025 நவம்பரில் ஹாங்காங்கில் போய், முதல் பாதியில் பின்தங்கியிருந்து, இரண்டாம் பாதியில் ஷாவால் அனுவாரும் ஃபாண்டியின் மகன் இல்ஹானும் அடித்த கோல்களால் 2-1 என்று வென்றோம். 2027 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றோம். 1984இல் போட்டியை ஏற்று நடத்திய நாடாக ஆடியதை விட்டுவிட்டால், தகுதிச் சுற்றில் விளையாடி வென்று நுழைவது இதுவே முதல் முறை. சவூதி அரேபியாவில் 24 அணிகள், ஆறு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகள் மேலே போகும். மூன்றாம் இடத்தில் வருகிற அணிகளில் சிறந்த நான்கும் போகும். ஒரு வெற்றி கிடைத்தாலே கதவு திறக்க வாய்ப்பு உண்டு.

என் கணிப்பு: சிங்கப்பூர் குழுச் சுற்றில் ஒரு ஆட்டத்தையாவது வென்று, மூன்றாம் இடத்தில் வந்து அடுத்த சுற்றுக்குப் போகும். காரணம், பின்தங்கிய பிறகும் எதிரணியின் கூட்டத்துக்கு நடுவில் ஆட்டத்தைத் திருப்ப முடியும் என்று இந்த அணி ஹாங்காங்கில் காட்டிவிட்டது. ஆசை வரியிலும் அதையேதான் எழுதியிருக்கிறேன். உங்கள் கணிப்பு வேறு என்றால் சொல்லுங்கள், காரணத்தோடு.

நன்றி. வணக்கம்.