பிள்ளையை மீன் பிடிக்கக் கூட்டிப் போகிறீர்களா? கைடிடம் இதையெல்லாம் கேளுங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்குப் படகு இல்லை, பெரிய மீன் இல்லை, மேசை மேல் ஒரு சின்ன லைஃப் ஜாக்கெட், ஒரு குறடு, கொஞ்சம் தூண்டில் முள், ஒரு பட்டன் ரீல், அவ்வளவுதான். பிள்ளையை ஒரு கைடு வைத்து மீன் பிடிக்கக் கூட்டிப் போகலாம் என்று நினைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எங்கே போகலாம், எந்த மீனுக்குப் போகலாம்" என்றுதான். நான் சொல்கிறேன், யாரோடு போகப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள். அருமையான ஏரியாக இருக்கும், மீனும் நன்றாகக் கடிக்கும், ஆனால் கைடு சிடுசிடு ஆசாமியாக இருந்தால் பிள்ளைக்கு அந்த சிடுசிடுப்புதான் ஞாபகம் இருக்கும்.

அதனால் ஆன்லைனில் பட்டென்று பணத்தைக் கட்டாமல் ஒரு போன் போடுங்கள். போட்டதும் வயதைச் சொல்லுங்கள், "இந்த வயதுப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறீர்களா, அன்றைக்கு என்ன மீனுக்குப் போவீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். "சின்ன மீன்தான், ஆனால் நிறையக் கடிக்கும், கரையை ஒட்டியே போடலாம்" என்று பதில் வந்தால் நல்லது. தான் பிடித்த பெரிய மீன்களின் எடையை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தால், மனிதர் கெட்டிக்காரராகவே இருக்கலாம், ஆனால் அவரோடு நீங்கள் தனியாகப் போங்கள், பிள்ளையோடு வேண்டாம். நமக்கு வேண்டியது திரும்பக் கேள்வி கேட்கிற கைடு. நீச்சல் தெரியுமா, புழுவைத் தொடுமா, இதற்கு முன்னால் படகில் ஏறியிருக்கிறதா, வெயில் தாங்குமா என்று அவர் விசாரித்தார் என்றால் யோசிக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். கைடு பயணம் வழக்கமாக அரை நாள், முழு நாள் என்று இரண்டு விதம், அரை நாள் என்றால் சுமார் 4 மணி நேரம், முழு நாள் என்றால் 8. முழு நாளைப் பற்றி யோசிக்கவே யோசிக்காதீர்கள். ஆறேழு வயதுக்கு அரை நாளே அதிகம், இரண்டு மணி நேரத்திலேயே "போகலாமா?" வந்துவிடும். முழுக் காசையும் கொடுத்துவிட்டுப் பாதியில் திரும்புவதற்கு மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள், அதைக் கைடிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏன் என்றால், 4 மணி நேரம் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் அவர் நல்ல மீன் இருக்கிற தொலைவான இடத்துக்குப் படகை விடுவார், போக முக்கால் மணி, வர முக்கால் மணி, அந்த நேரம் முழுக்கப் பிள்ளைக்கு இன்ஜின் சத்தத்தையும் முகத்தில் அடிக்கிற காற்றையும் தவிர வேறு ஒன்றும் இல்லை. "எப்போது வேண்டுமானாலும் பத்து நிமிடத்தில் கரைக்கு வரணும்" என்று சொல்லிவிட்டால் அவர் திட்டமே மாறிவிடும்.

கழிவறை. ஆமாம், இதையும் கேட்கத்தான் வேண்டும். சின்னப் படகுகளில் பெரும்பாலும் இருக்காது. கரைக்கு வந்து போகலாமா, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அவர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அப்புறம் மழை வந்தால் முன்பணம் என்ன ஆகும், மீன் பிடிக்கிற லைசென்ஸ் பிள்ளைக்கும் தேவையா, தூண்டிலும் இரையும் அவர் கொண்டுவருவாரா, இதெல்லாம் ஒரே மூச்சில் கேட்டு முடித்துவிடலாம்.

இப்போது இந்த லைஃப் ஜாக்கெட். "எங்களிடம் எல்லா அளவும் இருக்கிறது" என்று கைடு சொன்னால் நம்பாதீர்கள், பிள்ளையின் எடையைச் சொல்லி அந்த எடைக்கு உள்ளது இருக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கான ஜாக்கெட் வயதைப் பார்த்து வாங்குவது இல்லை, எடையைப் பார்த்துதான், உள்பக்கம் இதோ இந்தத் துணிச் சீட்டில் எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோ வரைக்கும் என்று போட்டிருக்கும். போட்டுவிட்டு, எல்லாப் பட்டையையும் இறுக்கிவிட்டு, இரண்டு தோளிலும் பிடித்து இப்படி மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் மட்டும் மேலே வந்து தாடையையும் காதையும் மூடினால் அது பெரிது, தண்ணீரில் விழுந்தால் பிள்ளை கீழே நழுவும், ஜாக்கெட் மேலே மிதக்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் காலுக்கு நடுவே வருகிற பட்டை ஒன்று இருக்கிறதே, அதை "குத்துகிறது" என்று பிள்ளை எவ்வளவு சொன்னாலும் கழற்றாதீர்கள். வீட்டிலேயே ஒரு நாள் மாட்டிவிட்டு விளையாட விட்டால் அன்றைக்குப் படகுத்துறையில் அழுகை இருக்காது. சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவதுதான் என் கட்சி.

சரி, இந்த முள்ளைப் பாருங்கள், கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன். முனைக்குக் கொஞ்சம் கீழே பின்னோக்கி ஒரு குட்டிக் கூர் நிற்கிறது, தெரிகிறதா? மீன் நழுவாமல் இருப்பதற்குத்தான் அது. ஆனால் முள் மீனின் வாயில் மட்டும் ஏறும் என்று யார் சொன்னது, பிள்ளை தூண்டிலை வீசும்போது பக்கத்தில் இருப்பவர் காதிலும் ஏறும், அப்படி ஏறினால் இந்தக் கூர்தான் வெளியே வர விடாது. குறடால் அழுத்தினால், இதோ, படிந்துவிட்டது. இனி எங்கே ஏறினாலும் வழுக்கிக்கொண்டு வரும், மீனையும் அதிகம் காயப்படுத்தாமல் விடலாம். ஒன்றிரண்டு மீன் தப்பும், தப்பட்டும். கைடிடம் "கூரை அழுத்திவிட்டுக் கட்டுங்கள்" என்று சொல்லுங்கள், நல்ல கைடு சொல்வதற்கு முன்பே செய்திருப்பார். அதோடு படகில் இருக்கிற எல்லாருக்கும் கண்ணாடி, வீசுகிற முள்ளிலிருந்து கண்ணைக் காப்பாற்ற. போலராய்டு கண்ணாடியாக இருந்தால் தண்ணீர் மேல் அடிக்கிற பளபளப்பு அடங்கி அடியில் போகிற மீனும் தெரியும், பிள்ளைக்கு அதுவே பாதி வேடிக்கை.

ராடு, அதாவது தூண்டில் கோல், உயரமானது வேண்டாம், நான்கைந்து அடி போதும். ரீல் இந்த மாதிரி மூடியது, பின்னால் ஒரு பட்டன், அழுத்திக்கொண்டே பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசும்போது விட வேண்டும். முள் இல்லாமல் ஒரு ரப்பர் குண்டைக் கட்டி மைதானத்தில் வீசிப் பழக்கிவிடுங்கள். படகில் ஏறி முதல் வீச்சே ஓரளவு தூரம் போனால் பிள்ளையின் முகமே மாறிவிடும்.

இதில் கைடிடம் கேட்க வேண்டிய இன்னொரு முக்கியமான கேள்வி இருக்கிறது: ராடு யார் கையில் இருக்கும்? சிலர் தாங்களே வீசி, தாங்களே மீனை மாட்டி, "இந்தா தம்பி, சுற்று" என்று கொடுப்பார்கள். பெற்றவர்களுக்கு அது புரியாமல் போகலாம், பிள்ளைக்குத் தெரிந்துவிடும், அது தன் மீன் இல்லை என்று. அதே மாதிரி படகை ஓட்டிக்கொண்டே பின்னால் தூண்டிலை இழுத்துப் போகிற முறையும் வேண்டாம், அதில் பிள்ளைக்கு வேலையே இல்லை. நங்கூரம் போட்டு, தக்கை கட்டி, மண்புழு மாட்டிப் போடுகிற பழைய முறைதான் சரி. தக்கை சும்மா நிற்கும், அப்புறம் லேசாக ஒரு துடிப்பு, சுற்றி ஒரு வளையம், இன்னொரு துடிப்பு, பக்கவாட்டில் மெல்ல நகரும், சட்டென்று காணாமல் போகும். இவ்வளவும் கண்ணெதிரே நடக்கும்போது எந்தப் பிள்ளையும் போனைக் கேட்காது. ஒன்று மட்டும், கைடு சர்க்கிள் ஹூக் (முனை உள்பக்கமாக வளைந்த முள்) கட்டியிருந்தால் வெடுக்கென்று சுண்டக் கூடாது, மெல்லச் சுற்ற ஆரம்பித்தாலே அது மீனின் வாயோரத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளும், பிள்ளைகளுக்கு இது இன்னும் வசதி.

உங்கள் கையில் ராடு வேண்டாம். நீங்களும் ஒரு தூண்டில் போட்டால் உங்கள் கண் உங்கள் தக்கை மேல்தான் இருக்கும், எனக்கு நன்றாகத் தெரியும் அந்த வியாதி.

"சத்தம் போடாதே, மீன் ஓடிவிடும்" என்று பிள்ளையை அதட்டிக்கொண்டே இருக்கிறார்கள் பாருங்கள், அது பெரும்பாலும் தேவையில்லாத அதட்டல். காற்றில் வருகிற பேச்சுச் சத்தம் பெரும்பகுதி தண்ணீரின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுகிறது. மீனை விரட்டுவது படகின் அடித்தட்டில் தொம் தொம் என்று குதிப்பதும் டப்பாவைப் போட்டு உருட்டுவதும்தான். அந்த அதிர்வு நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது, தண்ணீரில் ஒலி நொடிக்கு சுமார் 1500 மீட்டர் போகும், காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். மீனின் உடம்போரமாகப் பக்கக்கோடு என்று ஓர் உறுப்பு ஓடுகிறது, பக்கத்தில் தண்ணீர் லேசாக அசைந்தாலே அதற்குத் தெரிந்துவிடும். ஆகவே பேசட்டும், பாடட்டும், கைடிடம் ஆயிரம் கேள்வி கேட்கட்டும், குதிக்காமல் இருந்தால் போதும்.

முதல் தடவை கடலுக்கா ஏரிக்கா என்றால் ஏரி, அல்லது அமைதியான ஆறு. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும்தான் பிள்ளைகளுக்குப் பயணக் குமட்டல் அதிகம் வரும். கடல்தான் என்று முடிவானால் படகின் நடுவில் உட்கார வையுங்கள், தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், மாத்திரை பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், குமட்டல் வந்த பிறகு மாத்திரை கொடுத்துப் பெரிதாகப் பலன் இருக்காது.

சன்ஸ்கிரீன் கிளம்புவதற்கு முன்பே தடவுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்ப. கொசு மருந்தில் டீட் என்கிற ரசாயனம் இருந்தால் பிளாஸ்டிக் சாமான்களையும் கண்ணாடியையும் அது கெடுத்துவிடும், தடவிய கையைக் கழுவிவிட்டுத்தான் ரீலைத் தொட வேண்டும். இடி கேட்டால் உடனே கரைக்கு, கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி தண்ணீர்ப் பக்கம், கார்பன் ராடு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதை மறக்காதீர்கள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்கிற கைடோடு நான் திரும்பப் போக மாட்டேன்.

மீன் வந்துவிட்டது, இனி என்ன? வைத்துக்கொள்வதா, விடுவதா என்று வீட்டிலேயே பேசி முடிவு பண்ணிவிட்டுப் போங்கள், படகில் அதை ஆரம்பித்தால் கண்ணீரில் முடியும். அனுமதித்த அளவுக்குக் குறைந்ததை விட்டே ஆக வேண்டும் என்றும் முன்பே சொல்லி வையுங்கள், அளக்கிற பலகையைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள், தீர்ப்பு சொல்கிற அதிகாரம் கைக்கு வந்துவிட்டால் பிள்ளைகள் பயங்கரக் கறாராகிவிடுவார்கள். விடுகிற மீனைத் தொடுவதற்கு முன்னால் கையை நனைக்க வேண்டும், வறண்ட கை அதன் உடம்பில் இருக்கிற வழுவழுப்பை உரித்துவிடும், அதுதான் அதற்கு நோய் அண்டாமல் காக்கிற பூச்சு. கெளுத்தி என்றால் பிள்ளை தொடவே வேண்டாம், முதுகிலும் இரண்டு பக்கமும் இருக்கிற முள் குத்தினால் கடுகடு என்று வலிக்கும், கைடு கழற்றிக் கொடுக்கட்டும். படம் எடுக்கிறவர் முட்டி போட்டுப் பிள்ளையின் உயரத்துக்கு வந்து எடுங்கள், மீன் தண்ணீரை விட்டு வெளியே இருக்கிற நேரம் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொள்ளட்டும், மூச்சு முட்டினால் மீனுக்கும் முட்டுகிறது என்று அர்த்தம், விட்டுவிட வேண்டியதுதான்.

வைத்துக்கொண்ட மீன் என்றால் சமைப்பதற்கு முன்னால் ஒன்று செய்யலாம். ஜப்பானில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து கியோதகு என்று ஒரு வழக்கம், பிடித்த மீனின் மேல் மை தடவித் தாளை வைத்து அழுத்தி எடுப்பார்கள், செதில், செவுள், துடுப்பு எல்லாம் அப்படியே பதிந்துவரும். மீனின் உண்மையான அளவும் அதில் வந்துவிடுவதால் பின்னால் யாரும் கையை விரித்து விரித்துக் காட்ட முடியாது. தின்னக்கூடிய மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஓரத்தில் பிள்ளையே தேதி எழுதட்டும்.

சரி மக்களே, அடுத்த வீடியோவில் இந்த பட்டன் ரீலைக் கழற்றி, உள்ளே நரம்பு சிக்கினால் எப்படி எடுப்பது என்று காட்டுகிறேன். பிள்ளை கையில் கொடுத்தால் சிக்கும், அதில் சந்தேகமே வேண்டாம்.