இது டான்ஸாம்மா? ராயபுரம் மொட்டைமாடியில ஒரு கேள்வி

(காட்சி: ராயபுரம். மொட்டைமாடி, ட்யூப் லைட், விரிச்ச ஜமக்காளம்.)

ஆட்டம் முடிஞ்சுது. யாரும் கை தட்டல, முடிஞ்சுதான்னே தெரியல. 40 நிமிஷம் ரெண்டு பேர் தரையில உக்காந்தாங்க, எழுந்தாங்க, மறுபடி உக்காந்தாங்க. பாட்டு இல்ல, சலங்கை இல்ல. அப்புறம் அந்த நடனத்தை அமைச்சவங்க ஸ்டூலை இழுத்துப் போட்டு எங்க முன்னாடி உக்காந்து, "கேளுங்க"ன்னாங்க.

காசிமேட்டுல மீன் விக்கிற அக்கா ஒருத்தங்க கேட்டாங்க: "இன்னாம்மா, இது டான்ஸா?"

நியாயமான கேள்வி. பரதநாட்டியத்துல அலாரிப்புல ஆரம்பிச்சு தில்லானாவுல முடிக்கிற வரிசை இருக்கு. அதுக்கு மார்க்கம்னு பேரு. 19ஆம் நூற்றாண்டுல தஞ்சை நால்வர்னு சொல்ற நாலு அண்ணன் தம்பிங்க ஒழுங்கு பண்ணினது. அந்த வரிசைக்கு நடுவுல வர்ற பெரிய உருப்படி வர்ணம். அதுல பாட்டு வரியே கதை சொல்லிடும், கை முத்திரை அதைக் காட்டிடும். 1985ல நடனக் கலைஞர் சந்திரலேகா 'அங்கிகா'ங்கிற படைப்பை அமைச்சப்போ இந்தக் கதையை நீக்கிட்டு, பரதத்துக்குப் பக்கத்துல யோகாவையும் கேரளத்துச் சண்டைக் கலையான களரியையும் வெச்சாங்க. பாக்க மிச்சம் இருந்தது உடம்புதான். அவங்க குழுவுல ஆடின பத்மினி செட்டூர், பின்னாடி 'வால் டான்சிங்'னு மூணு மணி நேரப் படைப்பே பண்ணினாங்க. பிடிச்சுக்க கதை இல்லாதப்போதான் ஆட்டம் முடிஞ்சதும் பேச வேண்டியிருக்கு.

சரி, மாடிக்கு வருவோம். நடனத்தை அமைச்சவங்க விளக்கம் சொல்லல, திருப்பிக் கேட்டாங்க: "அக்கா, கூடையைத் தலையில ஏத்தும்போது மூச்சை எப்போ விடுவீங்க?"

அக்கா எழுந்து நின்னாங்க. முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு வெச்சாங்க. முட்டி மடங்குச்சு, மூச்சு நின்னுச்சு, முதுகு நிமிர்ந்தப்புறம்தான் வெளிய வந்துச்சு. மாடியே அந்த முதுகைப் பாத்துச்சு.

"அதைத்தான்க்கா நாங்க செஞ்சோம்."

"கூடையே இல்லியேம்மா?"

"கூடை இருந்தா கூடையைத்தான் பாப்பீங்க. எடுத்துட்டா முதுகைப் பாப்பீங்க."

எனக்கு அந்த ஒரு பதில் போதும். அக்காவுக்குப் போதல. "நடுவுல ரொம்ப நேரம் சும்மாவே குந்திக்கினு இருந்தாங்களே, அது இன்னாத்துக்கு?"ன்னாங்க. நடனத்தை அமைச்சவங்க நோட்டை எடுத்து அதை எழுதிக்கிட்டாங்க.

(காட்சி: ஜார்ஜ் டவுன், குறுகலான தெரு, பழைய வீடுகள்.)

இன்னொண்ணு சொல்லணும். வடசென்னைக்கு நடனத்தைப் புதுசா யாரும் கொண்டுவரல. வீணை தனம்மாள் வாழ்ந்தது இந்த ஜார்ஜ் டவுன்ல. அவங்க பேத்தி, பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி, 1918ல பிறந்தவங்க, 7 வயசுல காஞ்சிபுரத்துல அரங்கேறினாங்க. அப்புறம் நடனத்தோட மேடை மயிலாப்பூர், அடையாறு பக்கம் நகர்ந்துச்சு. பரம்பரையா ஆடின குடும்பங்களோட இடம் சுருங்கிப் போச்சு. அதனால இங்க ஒருத்தர் வந்து "கேளுங்க"ன்னு சொல்றதை நான் ரொம்பப் பெருசா நினைக்கிறேன்.

இப்படி ஒரு ஆட்டத்தைப் பாக்கப் போனா, அர்த்தம் என்னன்னு கேக்கத் தயங்காதீங்க. ஆனா கூடவே, உங்க கண்ணு எங்க நின்னுச்சு, எங்க சலிச்சுதுன்னும் சொல்லுங்க. அமைச்சவங்க கையில எடுத்துட்டுப் போறது அதைத்தான்.

அடுத்த வாரம் அதே மாடியில திரும்ப ஆடினாங்க. அந்த உக்கார்ற நேரத்தைக் குறைக்கல. ஆனா இந்தத் தடவை, உக்காந்திருந்தவங்க மூச்சு விடுற சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு.