வேலியோரம் நின்ற பையன்

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் செல்போன் செயலி வடிவமைப்பது என் தொழில். இங்கே இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் நான் ஆடும் கால்பந்துக் குழுவில் புதியவர்கள் சேர்வதற்காக ஒரு செயலி செய்துவருகிறேன். அதைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் செய்தது வெறும் விண்ணப்பப் படிவம்தான். பெயர், வயது, முகவரி, முன்பு ஆடிய குழு, பட்ட காயம் என்று பதினான்கு கேள்விகள். பலர் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். சரி, கேள்விகளைக் குறைத்துவிடலாம். ஆனால் எல்லாவற்றையும் பொறுமையாக நிரப்பிய ஒரு பையன் பயிற்சிக்கும் வந்தான். பூட்ஸ் பையைப் பிடித்தபடி வேலியோரம் அரைமணி நேரம் நின்றான். அப்புறம் போய்விட்டான். யாருடைய தம்பியோ என்று நாங்கள் எல்லோரும் ஆடிக்கொண்டே இருந்துவிட்டோம். பழைய படிவங்களைப் பார்த்தபோதுதான் அவன் யாரென்று புரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

எங்கள் அப்பா காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வோர் இனமும் தனித்தனிப் பகுதியில்தான் குடியிருக்க வேண்டும் என்ற 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் நம் குடும்பங்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து போட்டது. அந்த அநியாயத்துக்கு நடுவிலும் அக்கம்பக்கம் என்று ஒன்று உருவானது. மாமாவோ அண்ணனோ கையைப் பிடித்து மைதானத்துக்குக் கூட்டிப்போவார்கள். சாட்ஸ்வொர்த்தின் மேனிங் ரேஞ்சர்ஸ் குழு 1996-97இல் நாட்டின் முதன்மைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் கோப்பையையே வென்றபோது தெருவே கொண்டாடியது. இன்று டர்பனின் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸிலிருந்தும் வருகிறார்கள், ஜூலு மக்கள் அதிகம் வாழும் பக்கத்து உம்லாசியிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்கு இங்கே மாமா யார்?

அதனால் செயலியை மாற்றிப் போட்டேன். இப்போது நான்கே கேள்விகள். உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்? எந்த எண்ணில் பேசலாம்? எந்தக் கிழமை வர முடியும்? டாக்ஸியிலா, யாராவது ஏற்றிக்கொள்ள வேண்டுமா? இதற்குப் பதில் சொன்னதும் குழுவில் ஒருவருக்குச் செய்தி போகும். அவர் 'நான் நிற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தினால்தான் நாள் உறுதியாகும். 'செவ்வாய் ஐந்தரைக்கு கேட் பக்கம் நிற்பேன், நீலச் சட்டை' என்று புதியவருக்குத் தகவல் வரும். ஒரு நாளுக்குள் யாரும் அழுத்தாவிட்டால் பயிற்சியாளரின் போனுக்குப் போகும். இந்தச் செயலியில் எனக்கு முக்கியம் இந்த ஒரு பொத்தான்தான். மீதியெல்லாம் அதற்குத் துணை.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் விவரம் வாங்கக் கூடாது. 2021 ஜூலை முதல் தேதியிலிருந்து தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இங்கே முழுமையாக அமலில் இருக்கிறது. ஆகவே செய்தியெல்லாம் அம்மா அப்பா எண்ணுக்கே போகும். கேட் பக்கம் நிற்பதும் ஒருவரல்ல, இருவர். சட்டம் இல்லையென்றாலும் இப்படித்தான் செய்திருப்பேன்.

நம் நாட்டில் டேட்டா விலை எல்லோருக்கும் தெரியும். தரவிறக்கமே வேண்டாம், வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொட்டால் போதும். திறந்ததும் தமிழில் வணக்கம், ஜூலுவில் சாவுபோனா. ஜூலு மக்கள் அன்றாடம் சொல்லும் அந்தச் சொல்லுக்குள் 'உன்னைக் கண்டோம்' என்ற பொருள் இருக்கிறது. அந்தப் பையனை நாங்கள் காணவில்லையே என்றுதான் அதை முதல் வரியில் வைத்தேன்.

அவன் அம்மாவின் எண் பழைய படிவத்தில் இருந்தது. போன வாரம் பேசினேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னவர், நேற்று சம்மதம் அனுப்பியிருக்கிறார். வரும் செவ்வாய் ஐந்தரைக்கு பயிற்சியாளரும் நானும் கேட் பக்கம் நிற்கிறோம்.