டாக்டர் வெங்கடசாமியின் கை

எல்லோருக்கும் வணக்கம். கண் டாக்டர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்றதும் எனக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. அவருடைய சேவை மனசைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். நான் அவர் கையைப் பற்றிப் பேசப்போகிறேன்.

எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1944-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் படிப்பை முடித்துவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். உறவுக்காரப் பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்து வளர்ந்ததால் பிரசவ டாக்டராக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதற்குள் முடக்குவாதம் வந்து ஆளையே சாய்த்துவிட்டது. 30 வயதில் ராணுவ வேலை போய், மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்து, எழுந்தபோது விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயிருந்தன, பேனா பிடிப்பதே பெரும்பாடு. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான், உடம்பிலேயே நுணுக்கமான வேலை கேட்கிற கண் அறுவை சிகிச்சையைப் படித்து, கத்தி பிடிக்கப் பழகி, வாழ்நாளில் 1 லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தார்.

பெரும்பாலும் இந்த இடத்தில் கை தட்டிவிட்டு நிறுத்திவிடுகிறோம். எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. 58 வயதில் அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கையோடு அவர் ஆரம்பித்த இடத்தில், அறுவை செய்யும் கை ஒரு நிமிஷம்கூடச் சும்மா நிற்கக் கூடாது என்று வேலையையே பிரித்து அமைத்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜை. ஒருவருக்கு ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார், டாக்டர் திரும்பி உட்கார்ந்தால் போதும். கண்ணைச் சுத்தம் செய்வது, பார்வையை அளப்பது, கட்டுப் போடுவது, நோயாளியிடம் பயம் போகப் பேசுவது எல்லாம் கிராமத்திலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள் கையில். அந்தப் பெண்கள் இல்லாமல் அரவிந்த் இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் கிராமங்களில் நடத்திய கண் முகாம். ஏழைகளுக்கு ஆபரேஷன் இலவசம் என்றாலும் ஆட்கள் வரவில்லை! பஸ் காசு, சாப்பாடு, கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி, இதற்கெல்லாம் எங்கே போவது? சரி என்று பஸ்ஸையே அனுப்பி, சோறு போட்டு, திரும்பக் கொண்டுபோயும் விட்டார்கள். இலவச ஆபரேஷனுக்கு ஆன செலவு, கட்டணம் கட்டுகிற நோயாளிகளின் பணத்திலிருந்து வந்தது.

அதிலும் ஒரு குறை இருந்தது. அந்தக் காலத்தில் கண்புரையை எடுத்த பிறகு சோடாபுட்டிக் கண்ணாடிதான். அது உடைந்தாலோ தொலைந்தாலோ பழையபடி தடவித்தான் நடக்க வேண்டும். கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது, ஒன்று சுமார் 100 டாலர், ஏழைக்கு எங்கே கட்டுப்படியாகும்? 1992-இல் மதுரையிலேயே அரோலேப் என்று லென்ஸ் தயாரிக்கும் தொழிற்சாலையைத் தொடங்கி விலையை 10 டாலர் அளவுக்கு இறக்கினார்கள். இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த லென்ஸ் போகிறது.

வெங்கடசாமி 2006-இல் காலமானார். இங்கே உட்கார்ந்திருக்கும் மருத்துவ மாணவர்கள் ஒருமுறை மதுரைக்குப் போய் அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். டாக்டர்களை மட்டுமல்ல, அந்தப் பெண்களையும் கவனித்துப் பாருங்கள்.