பெர்லின் பட விழா: மாவு அரைக்கும்போதே சேர்ந்த அரசியல்

(பனி பெய்யுற தெரு, ஓரத்துல சிவப்புக் கம்பளம்)

வணக்கம் மக்களே. சினிமா விழான்னா கேன்ஸ்ல மே மாசம் கடலோரமா வைப்பாங்க, வெனிஸ்ல கோடை முடியுற நேரத்துல தீவுல வைப்பாங்க, பெர்லின்காரங்க மட்டும் பிப்ரவரி மாசம் பல்லு தந்தியடிக்கிற குளிர்ல வைக்கிறாங்க. பாவம் அந்த நடிகைங்க, மெல்லிசா ஒரு கவுன போட்டுட்டு கார்ல இருந்து இறங்கி போட்டோவுக்கு சிரிச்சுட்டு உள்ள ஓடுவாங்க. ஏன் பிப்ரவரின்னு பின்னாடி சொல்றேன்.

இன்னொரு விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். இந்த விழாவுல வருஷா வருஷம் ஏதாவது ஒரு சண்டை வரும், உடனே ஒரு குரூப் "சினிமாவ சினிமாவா பாருங்கப்பா, எதுக்கு அரசியல கலக்குறீங்க"ன்னு கிளம்பிரும். அட, இது பால்ல தண்ணி கலந்த கதை இல்லங்க, மாவு அரைக்கும்போதே சேர்த்து அரைச்சது.

(பழைய கருப்பு வெள்ளைப் படங்கள், இடிஞ்ச கட்டடங்கள்)

1951. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு 6 வருஷம்தான் ஆகுது, ஊர நாலா பிரிச்சு அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத்னு ஆளுக்கு ஒரு பக்கம் வச்சிருக்காங்க. முதல் மூணு பேரோட பக்கம்தான் மேற்கு பெர்லின், அத சுத்தி எல்லாப் பக்கமும் சோவியத் கைல இருந்த கிழக்கு ஜெர்மனி, நடுவுல இது ஒரு தீவு மாதிரி. கொஞ்ச வருஷம் முன்னாடி சோவியத்காரங்க ரோட்ட ரயில எல்லாம் அடைச்சு, சாப்பாடும் நிலக்கரியும் விமானத்துல வந்து இறங்கின ஊரு அது. அந்த ஊர்ல ஒரு சினிமா விழா நடத்தலாம்னு ஐடியா குடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க, ஒரு டைரக்டரா? இல்ல. ஆஸ்கர் மார்ட்டேன்னு ஒரு அமெரிக்க அதிகாரி, அமெரிக்க நிர்வாகத்துல சினிமா விவகாரத்த பாத்துக்கிட்டவரு. "பாருங்க, எங்க பக்கம் வாழ்க்கை எப்படி இருக்கு"ன்னு கிழக்குப் பக்கத்துக்கு காட்ட ஒரு ஷோகேஸ் வேணும், அவ்ளோதான் நோக்கம். ஜூன் 6ஆம் தேதி டைட்டானியா பலாஸ்ட் தியேட்டர்ல விழா ஆரம்பம், முதல் படம் ஹிட்ச்காக்கோட 'ரெபெக்கா'. அது 1940ல வந்த படம்! 11 வருஷம் பழைய படத்த வச்சு ஒரு புது விழாவ தொடங்கியிருக்காங்க.

சோவியத் பக்கத்துப் படத்துக்கெல்லாம் அழைப்பே கிடையாது. ஆனா அந்தப் பக்கத்து ஜனங்க மட்டும் வேணும், அப்ப இன்னும் ஊர ரெண்டா வெட்டின பெர்லின் சுவர் வரல, நடந்தோ ரயில் ஏறியோ இந்தப் பக்கம் வந்துரலாம், அதனால எல்லைய ஒட்டி இருந்த தியேட்டர்கள்ல அவங்களுக்குன்னே ஷோ போட்டாங்க, அவங்க ஊர் காசையே குடுத்து படம் பாக்கலாம். போட்ஸ்டாமர் பிளாட்ஸ் பக்கம் அப்படி தியேட்டர் இருந்துச்சு, இந்தப் பேர ஞாபகம் வச்சுக்கோங்க. 1961 ஆகஸ்ட்ல சுவர் எழும்புச்சு, அதோட அந்த ஷோவெல்லாம் முடிஞ்சுது.

நடுவுல ஒரு சின்ன சுவாரசியம். 1952ல இருந்து 55 வரைக்கும் இங்க ஜூரியே, அதான் நடுவர் குழுவே இல்ல, படம் பாத்த ஜனங்க ஓட்டு போட்டுத்தான் கரடி குடுத்தாங்க, இந்த விழாவோட பரிசுக்கு பேரே கரடிதான், தங்கக் கரடிதான் பெரிய பரிசு. கரடி ஏன்னா பெர்லினோட சின்னமே கரடிதான். 56ல முதல் தர விழான்னு அங்கீகாரம் கிடைச்சப்புறம்தான் சர்வதேச ஜூரி வந்துச்சு. அப்புறம் நம்ம சத்யஜித் ரே 1964, 65னு அடுத்தடுத்து ரெண்டு வருஷம் சிறந்த டைரக்டர் வெள்ளிக் கரடி வாங்கினாரு, 73ல தங்கமே வாங்கிட்டாரு.

(1970)

இதுதான் முக்கியமான எபிசோடு. மிக்கேல் ஃபெர்ஹோவன்னு ஒரு ஜெர்மன் டைரக்டர் 'ஓ.கே.'னு ஒரு படம் கொண்டு வர்றாரு. வியட்நாம்ல அமெரிக்க சிப்பாய்ங்க ஒரு பொண்ணுக்கு செஞ்ச கொடுமை, நிஜத்துல நடந்தது, அத பவேரியா காட்டுக்குள்ள நடக்குற மாதிரி எடுத்திருக்காரு. ஜூரித் தலைவர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ், ஹாலிவுட் டைரக்டர், ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்க ராணுவத்தோட போய் கேமரா புடிச்சவரு. அவருக்கு சுர்ருனு ஏறிருச்சு. இது அமெரிக்காவுக்கு எதிரான படம்னு சண்டை, ஜூரிக்குள்ளயே ரெண்டு கட்சி, கடைசில ஜூரி கலைஞ்சு போட்டியே ரத்து. அந்த வருஷம் ஒருத்தருக்கும் தங்கக் கரடி இல்ல. யோசிச்சுப் பாருங்க, அமெரிக்கா ஆரம்பிச்சு வச்ச ஷோகேஸுக்குள்ளயே அமெரிக்காவ கேள்வி கேக்குற படத்த கொண்டு வந்து வச்சுட்டாங்க.

சண்டையோட பலன் அடுத்த வருஷம் வந்துச்சு. 1971ல ஃபோரம்னு ஒரு தனிப் பிரிவு, ஊல்ரிஷ் கிரேகோர், எரிக்கா கிரேகோர்னு ஒரு தம்பதி முன்ன நின்னு தொடங்கினது. போட்டி கிடையாது, கரடி கிடையாது, பெரிய பிரிவுக்காரங்க தொடத் தயங்குற படமெல்லாம் இங்க வரும். இதுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கு, வர்றேன்.

1974ல முதல் சோவியத் படம் வந்துச்சு. 79ல என்னடான்னா வியட்நாம் போர் பத்தின 'தி டீர் ஹன்டர்' படத்துல வியட்நாம்காரங்கள கேவலமா காட்டிட்டாங்கன்னு சோவியத் கோஷ்டி பெட்டியக் கட்டிக்கிட்டு கிளம்பிருச்சு. ஒன்பது வருஷத்துல கோபப்படுற ஆள்தான் மாறியிருக்கு, விஷயம் அதே வியட்நாம்தான்.

பிப்ரவரி கதைக்கு வருவோம். முன்னாடி ஜூன், ஜூலைல நடந்துச்சு. நல்ல படமெல்லாம் மே மாசமே கேன்ஸ்ல இறங்கிட்டா அப்புறம் இவங்களுக்கு என்ன மிஞ்சும், அதான் 1978ல கேன்ஸுக்கு முன்னாடி பிப்ரவரிக்கு தள்ளிட்டாங்க. படம் வாங்குறவங்க விக்குறவங்களுக்கும் வருஷ ஆரம்பம் வசதியா போச்சு. குளிருக்கு காரணம் வியாபாரம்தான், வேற ஒரு தத்துவமும் இல்ல.

சுவர் விழுந்த மறு வருஷம், 1990ல ரெண்டு பக்கமும் சேர்த்து விழா நடந்துச்சு. 2000ல மெயின் தியேட்டரயே போட்ஸ்டாமர் பிளாட்ஸுக்கு கொண்டு போயிட்டாங்க. ஞாபகம் இருக்கா? எல்லை தியேட்டர் இருந்த அதே இடம், சுவர் வந்தப்புறம் பொட்டலா கிடந்த இடம், இப்ப அங்கதான் சிவப்புக் கம்பளம்.

அழுக்கும் இருக்கு, மறைக்கல. ஆல்ஃபிரட் பாயர்னு விழாவோட முதல் தலைவர், 1976 வரைக்கும் விழாவ நடத்தினவரு, அவர் பேர்லயே ஒரு பரிசு குடுத்துட்டு இருந்தாங்க. நாஜி காலத்து சினிமா நிர்வாகத்துல அவரு வெளிய சொன்னத விட பெரிய ஆளா இருந்தாருன்னு 2020ல ஒரு பத்திரிகை எழுதுச்சு, உடனே பரிச நிறுத்திட்டாங்க. சுதந்திர உலகத்தோட ஷோகேஸ்னு சொல்லி ஆரம்பிச்ச கடைல கல்லால உக்காந்திருந்தவரு இவருதான்.

அதே மேடைலதான் 2011ல ஈரான் டைரக்டர் ஜாஃபர் பனாஹிய ஜூரிக்கு கூப்பிட்டு, ஈரான் அரசு அவர வரவிடலன்னதும் அவரோட நாற்காலிய காலியா போட்டு வச்சாங்க. 2015ல அவரோட 'டாக்சி'க்கு தங்கக் கரடி, அப்பவும் வர முடியல, படத்துல நடிச்ச அவரோட சொந்தக்கார சின்னப் பொண்ணு மேடையேறி அழுதுகிட்டே வாங்கிச்சு.

ஆனா எனக்கு இந்த விழாவுல ரொம்பப் புடிச்சது டிக்கெட்தான். கேன்ஸ்ல சாதாரண ஆளு உள்ள போறது குதிரைக்கொம்பு. இங்க காசு குடுத்தா யாரும் போலாம், லட்சக்கணக்குல டிக்கெட் போகுது. சின்னப் பசங்களுக்குன்னு தனிப் பிரிவு, ஜூரியும் பசங்கதான். வெளிநாட்டுப் படம் ஓடும்போது சப்டைட்டில் படிக்கத் தெரியாத வாண்டுங்களுக்காக ஒருத்தர் ஹால்லயே மைக் புடிச்சு வசனத்த ஜெர்மன்ல லைவா சொல்லுவாரு, நம்மூர்ல கதை சொல்ற மாதிரியே.

(ஆட்டோ போற ஒரு மண் ரோடு)

சரி, நம்ம தொடர்பு. 2008ல 'பருத்திவீரன்' பெர்லின்ல ஓடுச்சு. 2024 பிப்ரவரில வினோத்ராஜோட 'கொட்டுக்காளி', சூரியும் அன்னா பென்னும் நடிச்சது, உலகத்துலயே முதல் முறையா அங்கதான் திரையேறுச்சு, நம்ம தியேட்டருக்கு வந்தது ஆகஸ்ட்லதான். பின்னணி இசையே இல்லாம, ஒரு பொண்ண குடும்பமே ஆட்டோவுல சாமியாடிகிட்ட கூட்டிட்டுப் போற கதை, இத எந்தப் பிரிவுல போட்டாங்கன்னு நீங்களே கண்டுபுடிச்சிருப்பீங்க. ரெண்டுமே ஃபோரம்தான், அந்த 1970 சண்டைக்கு மறு வருஷம் பொறந்த அதே ஃபோரம்.